குழந்தைக்கு இ.சி.ஜி. எலக்ட்ரோடு ஒட்டுவது எப்படி: தோலிலிருந்து தாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு மாதக் குழந்தை. காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு நாடித்துடிப்பு கூடுதலாக இருக்கிறதென்று இரவு 2 மணிக்கு இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். தாளைப் பார்த்த பயிற்சி மருத்துவருக்கு முகம் மாறியது. முதல் லீடில் (லீட் என்பது இதயத்தைப் பார்க்கும் ஒரு கோணம்) எல்லா அலையும் தலைகீழாக இருந்தது. “இதயம் வலது பக்கம் இருக்கும்போலத் தெரியுதும்மா, காலையில எக்கோ எடுத்துப் பார்த்துடலாம்” என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். விடியும்வரை அந்த அம்மா பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

காலை டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். “இதயம் இடம் மாறலை. உன் கையில சிவப்பும் மஞ்சளும்தான் இடம் மாறியிருக்கு” என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை “அலை சரியில்லை என்றால்” என்ற பகுதியில் சொல்கிறேன்.

எந்த ஒயரை எங்கே ஒட்டியிருக்கிறோம் என்பது மெஷினுக்குத் தெரியாது. வலது கை என்று பெயர் போட்ட ஒயர் வலது கையில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அது வரைந்துகொண்டே போகும். ஒரு விரல் அகலம் தள்ளி ஒட்டினால் பெரியவர்களுக்கே அலை மாறும். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு நெஞ்சில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கும் இ.சி.ஜி. டெக்னீஷியன்களுக்கும் பயன்படட்டும் என்று, வருடக்கணக்காகச் செய்து பழகியதை வரிசையாக எழுதுகிறேன். பெற்றோர் படித்தாலும் நல்லதுதான். பக்கத்தில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று புரியும்.

எதற்காக ஒட்டுகிறோம்?

இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலருகே மானிட்டரில் ஓடவிடுவது ஒரு வேலை. 12 லீட் இ.சி.ஜி. எடுப்பது வேறு வேலை. மானிட்டருக்கு வேண்டியது துடிப்பு எத்தனை, தாளம் சீராக இருக்கிறதா, மூச்சு நின்றதா என்பவைதான். அதற்கு 3 அல்லது 5 ஸ்டிக்கர் (எலக்ட்ரோடு) போதும். இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாளத்தைப் படித்துவிடலாம். மணிக்கணக்கில், நாள்கணக்கில் தோலில் இருக்கப்போவதால் தோலைக் காப்பதுதான் இங்கே பெரிய கவலை.

12 லீட் என்பது அளவெடுத்துத் தைப்பது மாதிரி. 10 ஸ்டிக்கரை வைத்து 12 கோணத்தில் இதயத்தைப் பார்க்கிறோம். எந்தப் பக்க அறை தடித்திருக்கிறது, மின்னோட்டம் எந்தப் பாதையில் போகிறது என்று மருத்துவர் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் ஒவ்வொரு ஸ்டிக்கரும் அதன் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். மானிட்டருக்கு ஒட்டியதை வைத்துக்கொண்டே 12 லீட் எடுத்துவிடலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

எலக்ட்ரோடைத் தேர்ந்தெடுத்தல்

குழந்தைகளுக்கென்று சின்ன அளவில் வருகிறது. பச்சிளங்குழந்தைக்கு ஒயரோடு சேர்ந்தே வரும் மெல்லிய துணி எலக்ட்ரோடு நல்லது. பட்டன் வைத்த வகையில் கிளிப்பை மாட்டும்போது நெஞ்சில் அழுத்த வேண்டியிருக்கும். அதனால் பட்டன் வகைதான் கிடைத்தது என்றால் முதலில் கிளிப்பை ஸ்டிக்கரில் மாட்டிவிட்டு, அப்புறம் தோலில் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாட்டினால் பிள்ளைக்கு வலிக்கும், ஜெல்லும் ஓரமாகப் பிதுங்கி ஒட்டுப் போய்விடும்.

பாக்கெட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, பாக்கெட் எப்போது பிரிக்கப்பட்டது என்று பாருங்கள். பிரித்து டிராலியில் போட்ட பாக்கெட்டில் ஜெல் காய்ந்துபோகும். நடுவில் இருக்கும் ஜெல்லை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு ஒட்டுவது நல்ல பழக்கம். தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்துவது அந்த ஈரமான உப்புதான். இ.சி.ஜி.யின் இயக்கமுறையைக் கண்டறிந்ததற்காக 1924இல் நோபல் பரிசு பெற்ற ஐந்தோவனின் காலத்தில் ஸ்டிக்கர் ஏது? நோயாளி கையையும் காலையும் உப்புநீர் நிரம்பிய தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தொட்டித் தண்ணீர்தான் இப்போது ஒரு சொட்டு ஜெல்லாகச் சுருங்கியிருக்கிறது.

இன்னும் பல இடங்களில் நெஞ்சுக்கு ரப்பர் பல்பும், கைகாலுக்குக் கிளிப்பும்தான். பெரியவர்களுக்கான பல்பு கைக்குழந்தையின் நெஞ்சில் இரண்டு விலா இடைவெளியை ஒரேயடியாக மூடிவிடும். தோலை உறிஞ்சிப் பிடிப்பதால் வட்டமாகச் சிவந்தும் போகும். வேறு வழியில்லை என்றால் குழந்தைகளுக்கான சிறிய பல்பைக் கேட்டு வாங்குங்கள். ஜெல்லியை ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டு அளவுக்கு மட்டும் வையுங்கள். ஒரேயடியாகத் தடவிவிட்டால் ஆறு இடமும் மின்சாரத்துக்கு ஒரே இடமாகிவிடும். தாளில் நெஞ்சு லீடுகளான வி1 முதல் வி6 வரை ஒரே மாதிரி அலையாக வரும்.

தோலைத் தயார் செய்தல்

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் எலக்ட்ரோடு ஒட்டாமல் போவதற்கு முதல் காரணம் தேங்காயெண்ணெய். இரண்டாவது காரணம் பவுடர். பாட்டி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் பவுடர் போட்டு அனுப்பியிருப்பார். அதற்காகப் பாட்டியைக் கோபிக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் அதிகமாக இருந்தால் துளி சோப்பு சேர்த்துத் துடைத்து, சோப்பு போகும்வரை மறுபடி தண்ணீரால் துடைக்கலாம்.

பெரியவர்களுக்குச் செய்வது போலச் சொரசொரப்பான தாளால் தேய்ப்பது குழந்தைக்கு வேண்டாம். ஸ்பிரிட்டும் வேண்டாம், அது தோலை வறளச் செய்கிறது, குறைமாதக் குழந்தையின் தோலில் புண்ணையே உண்டாக்கிவிடும். 28, 30 வாரத்தில் பிறந்த குழந்தையின் மேல்தோல் அவ்வளவு மெலிது. ஒட்டிய பிளாஸ்டரைப் பிய்த்தால் அதோடு மேல்தோலும் உரிந்து வரும். அந்த வழியாகக் கிருமியும் உள்ளே போகும், உடம்பின் நீரும் வெளியேறும். இந்தக் குழந்தைகளுக்கு ஜெல் முழுக்கவே ஒட்டும் பசையாக இருக்கும் ஹைட்ரோஜெல் வகை எலக்ட்ரோடு கிடைத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

கொலுசு, காப்பு, அரைஞாண் இவற்றை எல்லாம் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை. எலக்ட்ரோடிலோ கால் கிளிப்பிலோ உலோகம் உரசாமல் பார்த்துக்கொண்டால் போதும். கொலுசுக்குக் கொஞ்சம் மேலே கிளிப்பைப் போடலாம்.

மானிட்டருக்கு ஒட்டும் முறை

மூன்று ஒயர் இருந்தால்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, தோளை ஒட்டி. இன்னொன்று இடப்பக்கம் அதே இடத்தில். மூன்றாவது இடப்பக்க விலாக்கூட்டுக்குக் கீழே, வயிற்றின் பக்கவாட்டில். ஐந்து ஒயர் என்றால் நான்காவது வயிற்றின் வலப்பக்கம், ஐந்தாவது நெஞ்சில், மருத்துவர் பார்க்க விரும்பும் இடத்தில்.

முலைக்காம்பின் மேல் ஒட்டவே கூடாது. பெண் குழந்தை, ஆண் குழந்தை இருவருக்கும் இது பொருந்தும். அங்குள்ள திசு மென்மையானது. நெஞ்சின் நடுப்பகுதியைக் காலியாக விடுங்கள். ஸ்டெதாஸ்கோப் அங்கேதான் வரும், எக்கோ அங்கேதான் வரும், அவசரம் என்றால் நெஞ்சை அழுத்தும் கையும் அங்கேதான் வரும். ஷாக் கொடுக்கும் பேடுக்கும் இடம் வேண்டும்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே. கைக்குழந்தைக்கு இரண்டு பேடும் ஒன்றையொன்று தொட்டுவிடும் என்பதால் நெஞ்சில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக ஒட்டுவார்கள். அந்த நேரத்தில் நம் ஸ்டிக்கரைப் பிய்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கக் கூடாது.

இப்போது பலரும் கவனிக்காத ஒன்று. மானிட்டரில் வரும் மூச்சு எண்ணிக்கையும் இதே எலக்ட்ரோடுகளிலிருந்துதான் வருகிறது. இரண்டு எலக்ட்ரோடுக்கு நடுவே மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, நெஞ்சு விரியும்போது மின்தடை மாறுவதை மானிட்டர் எண்ணுகிறது. பல மானிட்டர்களில் அது வலது கைக்கும் இடது காலுக்கும் உள்ள ஒயர்களுக்கு நடுவே நடக்கும். பெரியவர்களுக்கு நெஞ்சு விரியும். கைக்குழந்தை மூச்சு விடுவதோ வயிற்றால். அதனால் கீழ் ஸ்டிக்கரை மேலேயே, நெஞ்சிலேயே ஒட்டிவிட்டால் மூச்சு அலை குறைந்து, நன்றாக மூச்சு விடும் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டதென்று அலாரம் அடிக்கும். நேர்மாறாகவும் நடக்கும், அதுதான் பயங்கரம்: குழந்தைக்கு மூச்சு நிஜமாகவே நின்றிருக்கும்போது இதயம் துடிக்கும் அசைவை மூச்சென்று மானிட்டர் எண்ணிக்கொண்டிருக்கும். மூச்சு எண்ணிக்கையும் நாடி எண்ணிக்கையும் ஒரே எண்ணாகத் தெரிந்தால் உடனே துணியை விலக்கி வயிற்றைப் பாருங்கள்.

குப்புறப் படுக்க வைத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு முன்பக்கம் ஒட்டினால் ஸ்டிக்கரும் ஒயரும் உடம்புக்கு அடியில் அழுந்தித் தடம் விழும். முதுகிலோ பக்கவாட்டிலோ ஒட்டுங்கள். வலது, இடது மாறாமல் இருந்தால் போதும். முதுகைப் பார்த்துக்கொண்டு ஒட்டும்போதுதான் வலது இடது குழம்பும். எனக்கு இன்னும் ஒரு கணம் குழம்பத்தான் செய்கிறது.

நிறம்: ஒரு எச்சரிக்கை

இங்கே பெரும்பாலும் பார்ப்பது ஐரோப்பிய நிறமுறை: வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. சிக்னல் விளக்கு மாதிரி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வலது கையில் தொடங்கிச் சுற்றி வந்தால் மறக்காது. அமெரிக்க நிறமுறை வேறு: வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. ஒன்றில் வலது கையாக இருக்கும் சிவப்பு இன்னொன்றில் இடது கால். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தடுமாறும் இடம் இது. ஒரே வார்டில் இரண்டு வகை மானிட்டரும் இருந்தால் இங்கேயே தடுமாறலாம். அதனால் நிறத்தை நம்பாமல் ஒயரில் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஐரோப்பிய ஒயரில் ஆர், எல், எஃப், என் என்று இருக்கும்; அமெரிக்க ஒயரில் ஆர்ஏ, எல்ஏ, எல்எல், ஆர்எல்.

வலது, இடது என்பது எப்போதும் குழந்தையின் வலது, குழந்தையின் இடது. இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள். என் கதையை மேலே படித்தீர்களே.

பிறந்த நிமிடத்தில்

அழாமல் பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுக்கும்போது இதயத்துடிப்பு எத்தனை என்பதை வைத்துத்தான் அடுத்து என்ன என்று முடிவாகிறது. 100க்குக் கீழே என்றால் செயற்கை மூச்சு. சரியாக 30 விநாடி மூச்சு கொடுத்தும் 60க்குக் கீழே என்றால் நெஞ்சழுத்தம். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு எண்ணுவதும், தொப்புள்கொடியைத் தொட்டு எண்ணுவதும் பரபரப்பில் தவறும். விரலிலோ மணிக்கட்டிலோ மாட்டும் ஆக்சிமீட்டர் எண் காட்ட ஒன்று, இரண்டு நிமிடம் ஆகலாம். அதனால்தான் 2015இல் வந்த உலகளாவிய வழிகாட்டல்களிலிருந்து பிரசவ அறையிலும் மூன்று லீட் இ.சி.ஜி. பேசப்படுகிறது.

செய்முறை எளிது, கை வேகம்தான் வேண்டும். உடம்பின் மேல் வெண்ணெய் போல ஒரு வெள்ளைப் படலமும் ஈரமும் இருக்கும்; ஒட்டும் இடத்தை மட்டும் உலர்ந்த துணியால் ஒரு முறை அழுத்தித் துடையுங்கள். நெஞ்சின் இரு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, இடது தொடையிலோ வயிற்றின் பக்கவாட்டிலோ ஒன்று. நடுநெஞ்சைத் தொடாதீர்கள். ஸ்டிக்கரை ஒயரோடு மாட்டி, பிரசவத்துக்கு முன்பே வார்மரில் தயாராக வைத்திருந்தால்தான் இது பயன்படும். இன்னொன்று: திரையில் அலை ஓடுகிறது என்பதால் இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது என்று ஆகாது. குழந்தை வெளுத்துத் துவண்டு கிடந்தால் அலையை நம்பி நிற்க வேண்டாம், நெஞ்சைக் கேளுங்கள்.

12 லீட்: படிப்படியாக

முதலில் கைகால். சதைப்பற்றான இடத்தில் ஒட்டுங்கள், எலும்பின் மேல் வேண்டாம். கைக்குழந்தை கையை உதறிக்கொண்டே இருக்கும் என்பதால் மேல்கையிலும் தொடையிலும் ஒட்டலாம். ஆனால் இரண்டு கையிலும் ஒரே உயரம், இரண்டு காலிலும் ஒரே உயரம். மாவுக்கட்டு போட்டிருந்தால் அதே கைகாலில் கட்டுக்கு மேலே. வசதிக்காகக் கைகால் ஒயர்களை நெஞ்சிலும் வயிற்றிலும் ஒட்டினால் இதயத்தின் அச்சு, அதாவது மின்னோட்டம் மொத்தமாகப் போகும் திசை, வலப்பக்கம் திரும்பியது போலத் தாளில் தெரியும். குழந்தைகளுக்கு அச்சு வலப்பக்கம் இருப்பதே ஒரு நோய்க்குறியாகப் பார்க்கப்படும் வயது உண்டு என்பதால் இது சின்னத் தவறு அல்ல. அப்படி ஒட்டியே ஆக வேண்டியிருந்தால் தாளில் எழுதிவிடுங்கள்.

அடுத்து நெஞ்சு. எல்லாம் நான்காவது விலா இடைவெளியைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. தொண்டைக்குழியில் விரலை வைத்து நெஞ்செலும்பின் மேல் மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஒரு சிறிய மேடு தட்டும். அதிலிருந்து பக்கவாட்டில் விரலை நகர்த்தினால் இரண்டாவது விலா எலும்பு. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. இன்னும் இரண்டு பள்ளம் இறங்கினால் நான்காவது.

கைக்குழந்தைக்குக் கழுத்தே தெரியாது, மேடும் சரியாகத் தட்டாது. அவசரத்தில் காறை எலும்புக்குக் கீழே முதலில் தட்டும் பள்ளத்திலிருந்து எண்ணத் தொடங்குவோம். எண்ணிக்கை தவறி வி1, வி2 இரண்டும் மேலே ஏறிவிடும். பெரியவர்களிடமும் இதுதான் அதிகம் நடக்கும் தவறு. என் வழி: எண்ணி முடித்ததும் முலைக்காம்பின் மட்டத்தோடு ஒப்பிடுவேன். சிறு குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் நான்காவது இடைவெளியை ஒட்டியே இருக்கும். வி1 அதைவிட நன்றாக மேலே போயிருந்தால் மறுபடி எண்ணுவேன். இது சரிபார்க்க மட்டும்தான். எண்ணாமல் முலைக்காம்பை மட்டும் வைத்து ஒட்டக் கூடாது.

இடங்கள் இவை. ஒட்டும் வரிசையிலேயே தருகிறேன்:

வி1: நான்காவது இடைவெளி, நெஞ்செலும்பின் வலது ஓரம்.
வி2: அதே இடைவெளி, இடது ஓரம்.
வி4: ஐந்தாவது இடைவெளி, இடது காறை எலும்பின் நடுவிலிருந்து நேராக இறங்கும் கோட்டில்.
வி3: வி2க்கும் வி4க்கும் சரியாக நடுவில். வி4ஐ ஒட்டாமல் இதை ஒட்ட முடியாது.
வி6: வி4இன் கிடைமட்டத்தில், அக்குளின் நடுக்கோட்டில்.
வி5: அதே கிடைமட்டத்தில், அக்குளின் முன்மடிப்பிலிருந்து இறங்கும் கோட்டில்.

வி5, வி6 இரண்டும் விலா எலும்பின் வளைவைப் பின்பற்றி மேலே ஏறக் கூடாது. வி4இலிருந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராகப் போக வேண்டும். கைக்குழந்தையின் இதய நுனி பெரியவர்களைவிட ஓர் இடைவெளி மேலே, நான்காவதில் துடிக்கும். துடிப்பு அங்கே தட்டுகிறதே என்று வி4ஐ மேலே ஏற்றாதீர்கள். எல்லா வயதிலும் ஒரே இடத்தில் எடுத்தால்தான் வயதுவாரி அட்டவணையோடு ஒப்பிட முடியும்.

நெஞ்சின் இந்த இடங்களை அமெரிக்க, பிரிட்டன் இதய மருத்துவச் சங்கங்கள் 1938இல் பேசி முடிவு செய்தபோது மனதில் இருந்தது பெரியவர்களின் நெஞ்சு, இடப்பக்கம் தடித்த இதயம். குழந்தை அப்படி இல்லை. கருப்பையில் நுரையீரல் வேலை செய்யாததால், உடம்புக்கு ரத்தம் தள்ளும் வேலையில் பெரும்பங்கு வலது கீழறைக்கு. பிறக்கும்போது அந்தச் சுவர் தடித்தே இருக்கும். பிறகு மாதங்கள் போகப் போகத்தான் இடது கீழறை முந்தும். அதனால் குழந்தைக்கு வலப்பக்கமும் ஒட்டிப் பார்க்க வேண்டும்: வி4க்கு நேர் எதிராக வலது நெஞ்சில் ஒட்டுவது வி4ஆர்; வி3க்கு எதிரானது வி3ஆர். பிறவி இதயக்கோளாறைத் தேடும்போது இவற்றோடு வி7ஐயும் கேட்பார்கள். அது அக்குளின் பின்மடிப்புக் கோட்டில், வி6இன் மட்டத்தில்.

நம் மெஷினில் நெஞ்சுக்கு ஆறு ஒயர்தானே இருக்கிறது? முதலில் வழக்கமான 12 லீடை எடுத்து முடியுங்கள். பிறகு வி3 ஒயரைக் கழற்றி வி4ஆர் இடத்தில் மாட்டி இன்னொரு தாள் எடுங்கள். மெஷின் அதற்கும் வி3 என்றுதான் பெயர் அச்சடிக்கும். அந்த இடத்திலேயே பேனாவால் அடித்து “வி4ஆர்” என்று எழுதுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தால் எழுத மாட்டீர்கள்.

குறைமாதக் குழந்தையின் நெஞ்சில் ஆறு ஸ்டிக்கருக்கு இடமே இருக்காது. வால் வைத்த தட்டை வகை என்றால் ஓரத்தைக் கத்தரித்துக் குறுக்கலாம்; வாலை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி மாற்றித் திருப்பி ஒட்டலாம். ஒன்றின் ஜெல் இன்னொன்றைத் தொடாமல் இருப்பதுதான் கணக்கு. அப்படியும் முடியாவிட்டால் வி3ஐ விட்டுவிட்டு வி4ஆர் வையுங்கள். குழந்தைக்கு அதுதான் அதிகம் சொல்லும்.

இதயம் நிஜமாகவே வலப்பக்கம் இருப்பதாக எக்கோவில் தெரிந்த குழந்தை என்றால், வழக்கப்படி ஒரு தாள், நெஞ்சு ஸ்டிக்கர்களை வலப்பக்கம் கண்ணாடி போல மாற்றி ஒட்டி இன்னொரு தாள். எது எது என்று இரண்டிலும் எழுத வேண்டும்.

வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு வி4, வி5 மார்பகத்துக்குக் கீழே, நெஞ்சுச் சுவரில் ஒட்ட வேண்டும். திரையை இழுத்துவிடுங்கள், அம்மாவோ இன்னொரு பெண் ஊழியரோ கூட இருக்கட்டும், என்ன செய்யப் போகிறோம் என்று அந்தப் பெண்ணிடமே முதலில் சொல்லுங்கள். ஒட்டும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் துண்டால் மூடியிருக்கட்டும். கூச்சத்தில் அவசரமாக ஒட்டிய இ.சி.ஜி.க்களில்தான் வி4 எங்கெங்கோ இருக்கும்.

அழும் பிள்ளையை என்ன செய்வது?

கைக்குழந்தை என்றால் தாயின் மடி, தாய்ப்பால். ஸ்டிக்கரை முதலில் ஒட்டிவிட்டு, பால் குடிக்க விட்டு, பாதி உறக்கத்தில் இருக்கும்போது பட்டனை அழுத்துங்கள். அறையும் உங்கள் கையும் சூடாக இருக்கட்டும். குளிரில் தசை நடுங்கினால் கோடு முழுக்க முள் முள்ளாக வரும். கைகாலைத் துணியில் சுற்றி வைத்தால் உதறல் குறையும்.

ஒன்றரை வயது முதல் மூன்று வயதுவரை பெரிய சவால். அம்மாவின் மடியில் நெஞ்சோடு சாய்ந்து உட்கார வைத்தே எடுக்கலாம். தாளில் “உட்கார்ந்த நிலை” என்று எழுதுங்கள். அம்மாவின் தோல் எலக்ட்ரோடில் படக் கூடாது. போனில் பாட்டுப் போட்டுக் காட்டலாம், ஆனால் சார்ஜரில் செருகிய போன் வேண்டாம்.

நான்கு, ஐந்து வயதுப் பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். “ஊசி இல்லடா கண்ணு, கலர் கலரா ஸ்டிக்கர். சிவப்பு எங்க ஒட்டட்டும், நீயே சொல்லு” என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பொம்மைக்கு ஒன்று ஒட்டிக் காட்டலாம். “எலக்ட்ரிக்” என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்று பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

மெஷினில் பார்க்க வேண்டியவை

வயதைச் சரியாகப் பதியுங்கள். பச்சிளங்குழந்தையை நாள் கணக்கில் பதிய வேண்டும். பிறந்த சில நாள்வரை வி1இல் டி அலை (ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் கீழறை ஓய்வுக்குத் திரும்பும்போது வரும் அலை) மேல்நோக்கி இருப்பது இயல்பு. ஒரு வாரத்துக்குள் அது கீழ்நோக்கித் திரும்பிவிடும். ஒரு வாரம் தாண்டிய சிறு குழந்தைக்கு மேல்நோக்கியே இருந்தால் வலது கீழறை தடித்திருக்கிறதா என்று யோசிப்பார்கள். 3 நாளா, 3 மாதமா என்பது தாளில் இல்லாவிட்டால் படிப்பவருக்கு எதுவும் புரியாது.

தாளின் வேகம் விநாடிக்கு 25 மி.மீ., உயரம் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. மெல்லிய நெஞ்சு என்பதால் குழந்தைகளின் அலை உயரமாக வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அப்போது 5 மி.மீ. என்று பாதியாக்கி எடுங்கள், பாதி என்பது தாளில் தெரிய வேண்டும். ஃபில்டரைக் குறைத்து வைத்தால் கோடு அழகாக வரும், ஆனால் குழந்தையின் கூர்மையான அலைகள் மழுங்கிவிடும். கைக்குழந்தைகளுக்கு 250 ஹெர்ட்ஸ் வரை பதிய வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2007இல் சொன்னது. நம் மெஷினில் 150தான் உச்சம் என்றால் அதில் வையுங்கள், 40இல் வைக்காதீர்கள்.

மானிட்டர் என்றால் பச்சிளங்குழந்தை, குழந்தை, பெரியவர் என்று மூன்று அமைப்புகள் இருக்கும். முந்தைய நோயாளிக்குப் பெரியவர் அமைப்பில் வைத்திருந்ததை அப்படியே விட்டால் நிமிடத்துக்கு 150 துடிக்கும் இயல்பான குழந்தைக்கு ராத்திரி முழுக்க அலாரம் அடிக்கும். நான்காவது தடவை அடிக்கும்போது யாரோ அதை மௌனமாக்கிவிடுவார்கள்.

அலை சரியில்லை என்றால்

கோடு தடித்து, சீரான பல் பல்லாக இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். பக்கத்துச் சார்ஜர், இன்ஃபியூஷன் பம்ப்பின் ஒயர், காய்ந்த எலக்ட்ரோடு, இந்த வரிசையில் பாருங்கள். கோடு அலைபோல மேலும் கீழும் மிதந்தால் மூச்சு அல்லது தளர்ந்த ஸ்டிக்கர்.

மானிட்டரில் 240 என்று காட்டுகிறது, குழந்தை சமர்த்தாகப் பால் குடிக்கிறது என்றால் உயரமான டி அலையையும் ஒரு துடிப்பாக எண்ணுகிறதா என்று பாருங்கள். ஆக்சிமீட்டரின் நாடி 120 என்று சரியாகப் பாதியாக இருக்கும். வேறு லீடுக்கு மாற்றினாலோ ஸ்டிக்கரைச் சற்று நகர்த்தினாலோ சரியாகும். ஆனால் கைக்குழந்தைக்கு 220க்கு மேல் அசையாமல் ஒரே எண்ணாக நின்று, ஆக்சிமீட்டரும் அதையே காட்டினால் அது மெஷினின் தவறு இல்லை. 12 லீடை எடுத்துக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வி1, வி2 மேலே ஏறிவிட்டதற்கு ஓர் அடையாளம்: வி1இல் பி அலை (மேலறைகளின் அலை) முழுக்கக் கீழ்நோக்கி இருக்கும், கூடவே ஒரு சின்ன இரண்டாவது மேடும் தெரியலாம். வலது மின்பாதையில் தடை என்று ரிப்போர்ட் வருவதற்கு முன் விலாவை மறுபடி எண்ணுங்கள்.

இரண்டாம் லீட் கிட்டத்தட்ட நேர்கோடாக இருந்தால் வலது கையும் வலது காலும் மாறியிருக்கின்றன. முதல் லீட் முழுக்கத் தலைகீழாக, வலது கைப் பக்கமிருந்து பார்க்கும் ஏவிஆர் லீட் மேல்நோக்கி இருந்தால் வலது கையும் இடது கையும் மாறியிருக்கலாம், அல்லது இதயம் நிஜமாகவே வலப்பக்கம் இருக்கலாம். பிரித்துச் சொல்வது நெஞ்சு லீடுகள். இதயம் வலப்பக்கம் இருந்தால் வி1இலிருந்து வி6க்குப் போகப் போக அலைகள் சிறுத்துக்கொண்டே போகும், ஏனென்றால் இதயத்தை விட்டு விலகிப் போகிறோம். கை ஒயர் மாறியிருந்தால் நெஞ்சு லீடுகளுக்கு ஒன்றும் ஆகாது. அந்த எட்டு மாதக் குழந்தையின் வி5, வி6இல் அலை ஓங்கி நின்றிருந்தது. மூத்த சிஸ்டர் ஒரு நிமிடத்தில் பார்த்தது அதைத்தான். அன்றைக்கே மறுபடி எடுத்தோம். முதல் லீட் நிமிர்ந்து வந்தது. அந்த அம்மாவிடம் போய், தவறு என்னுடையது என்று சொன்னேன்.

எடுத்த பிறகு

ஸ்டிக்கரை மேல்நோக்கி இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை ஓரத்தில் வைத்து ஊறவிட்டு, ஒரு கையால் தோலைப் பிடித்துக்கொண்டு, தோலோடு தோலாகத் தாழ்வாக, மெதுவாகச் சுருட்டி எடுங்கள். அதே இடத்தில் மறுபடி ஒட்ட வேண்டியதில்லை என்றால் துளி தேங்காயெண்ணெய் தொட்டும் எடுக்கலாம். ஒட்டவிடாமல் செய்த அதே எண்ணெய்தான். குறைமாதக் குழந்தைக்குத் தண்ணீர் மட்டும்.

மானிட்டர் ஸ்டிக்கர் உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு டியூட்டியிலும் சுற்றியுள்ள தோலைப் பாருங்கள். பெரிய பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு முறை மாற்றி, சற்றுத் தள்ளி ஒட்டலாம். குறைமாதக் குழந்தைக்கு நன்றாக ஒட்டியிருப்பதை நாள் கணக்குக்காகப் பிய்க்க வேண்டாம். கழன்றால் மட்டும் மாற்றுங்கள்.

எடுக்கும்போது எண்ணுங்கள். 12 லீடுக்கு 10 ஒட்டினோம், வி4ஆருக்கு ஒன்று, வி7க்கு ஒன்று: 12 எடுத்தாக வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குப் போகும் பிள்ளையின் உடம்பில் ஒன்று மறந்துபோனால் அந்த இடத்தில் தோல் வெந்துவிடலாம். பெரும்பாலும் விட்டுப்போவது முதுகுப் பக்கம் இருக்கும் வி7தான்.